இரண்டு பேர் தூக்கக்கூடிய பாலம்

மனித நாகரிகம் இரண்டு பெரிய தவறுகளைச் செய்துவிட்டது என்பது இளங்கோவனின் தீர்மானமான கருத்து. ஒன்று, கான்கிரீட்டைக் கண்டுபிடித்தது. இன்னொன்று, அது காய்கிறவரை தெருவில் இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பது. இரண்டுக்கும் தானே முடிவுகட்டப் போவதாக, செகந்திராபாத்தை ஒட்டிய மல்லாபூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில், பாதி கடித்த மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக அவன் அதைச் சொல்லவுமில்லை.

கம்பெனி செய்வது கல்வர்ட். அதாவது தெருவுக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்கான சிறுபாலம். ஊர் உலகமெல்லாம் அதற்கு கான்கிரீட் குழாயைப் பெரிய லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், கிரேன் வைத்து இறக்குகிறது.

"குழாய்க்குள்ள என்ன இருக்கு? காத்து," என்பான் இளங்கோவன். "வாடகை குடுத்துக் காத்தை லாரியில ஏத்திட்டுப் போற ஒரே தொழில் நம்மளுதுதான்."

அவன் வடிவமைத்தது வேறு ஜாதி. துத்தநாகம் பூசிய நெளிநெளியான இரும்புத் தகடு, பாதி வட்டமாக வளைத்தது. கிண்ணத்துக்குள் கிண்ணம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் முழுப் பாலமும் ஒரே ஒரு குட்டியானை வண்டியில் போய்விடும். ஒரு தகட்டை இரண்டு பேர் தூக்கலாம். கீழே ஒரு பாதி, மேலே ஒரு பாதி, ஓரத்தில் போல்ட், முடிந்தது. காலையில் தோண்டு, மத்தியானம் மூடு.

இதில் அவன் கிண்டலுக்கு மாட்டியவர் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் சந்திரசேகரன். வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து இறங்கிய குடும்பம். அவர் தமிழில் பாதி உருது, மீதி தெலுங்கு. எந்தத் தெருவைத் தோண்டுவதற்கு முந்தினநாளும் வீடுவீடாகப் போவார். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். ஷூவை கேட்டுக்கு வெளியே விடுவார். இரண்டு கையையும் கூப்பி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைப் பெற்றவர் நிற்கிற மாதிரி நின்று, மூன்று பாஷையில் மன்னிப்புக் கேட்பார். நாலு வீட்டில் டீயும் குடித்துவிட்டுத்தான் வருவார்.

இந்தக் காட்சியை இளங்கோவன் கேன்டீனில் அடிக்கடி நடித்துக்காட்டுவான். தண்ணீர் ஃபிளாஸ்க்தான் ஹெல்மெட். "மாஃப் கர்னா அம்மா, க்ஷமிஞ்சண்டி அம்மா, மன்னிச்சுக்கங்கம்மா, உங்க தெருவை நாங்க கெடுக்கப் போறோம், சர்க்கரை கம்மியா போடுங்க." தரம் பார்க்கும் பிரிவில் இருக்கும் கோயமுத்தூர் தாரிணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒருநாள் சந்திரசேகரனே வாசலில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டார்.

"குனியறது பத்தலை ரே," என்றார். "இன்னும் கொஞ்சம் குனி."

இளங்கோவன் அசரவில்லை. "நம்ம பாலத்துக்கு மன்னிப்பே தேவைப்படாது சார். அவங்க கதவைத் திறந்து பாக்கறதுக்குள்ள பாலம் போட்டாச்சு. யார்கிட்ட போய்க் கேப்பீங்க?"

முதல் வேலை கம்பெனிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. மல்லாபூரில் முட்டுச்சந்து ஒன்று. அதன் வாயில் பழைய குழாய் நொறுங்கி, மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல சந்திரசேகரன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கிளம்பியபோது இளங்கோவன் வழிமறித்தான்.

"நக்கோ சார்," என்றான், 'வேண்டாம்' என்பதற்கு அவர் சொல்லும் வார்த்தையாலேயே. "என் பேரைக் கெடுக்காதீங்க."

அவருக்குப் பதில் அவனே போய்த் தெருமுனையில் நின்று, நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வண்டி போகும் என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னான். கூட்டத்திலிருந்து சந்தீப் என்கிறவன் வந்து இந்தியில் தனியாகப் பேசினான். அவனுடைய அம்மா சாவித்ரி வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தெரு அடைத்திருந்தால் சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் தள்ளிக் கூட்டிவருகிறேன் என்றான்.

"ஸ்ட்ரெச்சர்ல வேணா..." என்று, பின்னாலேயே வந்து நின்ற சந்திரசேகரன் ஆரம்பித்தார்.

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க சார். இந்தத் தெருப் பொம்பளைங்க பாதிப்பேருக்கு அவங்கதான் ரவிக்கை தைக்கக் கத்துக்குடுத்தது. 'நாலு பேரு என்னைத் தூக்கறது ஒரே தடவைதான், அதுக்கு இன்னும் நேரம் வரலை'ன்னு சொல்லிட்டாங்க. கார் வாசல் வரைக்கும் வரும்னாதான் கிளம்புவேன்னு இருக்காங்க."

இளங்கோவன் அவன் தோளில் கைவைத்தான். "கூட்டிட்டு வாங்க பிரதர். உங்கம்மா கார்லயே வாசல்ல இறங்குவாங்க. என் வாக்கு."

சந்திரசேகரன் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லாம் பிரமாதமாக நடந்தது. ஜேசிபி வந்து தெருவாயைக் குறுக்கே வெட்டியது. பழைய குழாய்த் துண்டுகளை அள்ளிப் போட்டது. பள்ளத்தின் அடியில் ஜல்லி பரப்பினார்கள். ஆள் நடக்க ஓரத்தில் இரண்டு பலகை. நூர் முகமது ஓட்டிவந்த குட்டியானையில் பாலம் முழுவதும் ஓர் அடுக்காக, பளபளவென்று வந்து சேர்ந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. இளங்கோவன் தாரிணியிடம் போனைக் கொடுத்து, வீடியோ எடுக்கச் சொன்னான்.

"ரெண்டு பேர் போதும்," என்று போனைப் பார்த்துச் சொன்னான்.

இரண்டு பேர் மேல்தகட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். வரவில்லை. நாலு பேர் தூக்கினார்கள். வண்டி கொஞ்சம் தூக்கிக்கொண்டது, தகடு வரவில்லை. ஜேசிபிக்காரர் சங்கிலி போட்டு மேல்தகட்டை மட்டும் இழுத்தார். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. மேல்தகடு எழும்பியது, அதோடு அதற்குக் கீழே இருந்தது, அதற்கும் கீழே இருந்தது என்று, கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்கிற குடும்பம் மாதிரி ஒருவரை ஒருவர் விடாமல் மொத்த அடுக்கும் அந்தரத்தில் எழும்பி நின்றது. தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

காரணம் தெரிய இளங்கோவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அடுக்கில் இன்னும் இரண்டு தகடு சேர்ந்து ஏறட்டும் என்று, ஒரு தகட்டின் நெளிவுக்கும் அடுத்த தகட்டின் நெளிவுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியையும் அவன்தான் வடிவத்திலிருந்து எடுத்திருந்தான். ஒன்றுக்குள் ஒன்று அப்படியே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கம்ப்யூட்டரில் பார்க்க அவ்வளவு அழகு. பிறகு அந்த அடுக்கு கம்பெனியின் திறந்தவெளி யார்டில் மழையில் நின்றது. ஈரம் உள்ளே போய், துத்தநாகம் வெள்ளைவெள்ளையாகப் பூத்து, மேலே இருந்த பாரத்தில் நன்றாக இறுகிவிட்டது. கம்பெனி வீடியோவில் அவன் சுலபமாகத் தூக்கிக் காட்டியதெல்லாம் மெஷினிலிருந்து அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்த தகடுகள்.

"அடுக்கிப் பாத்தோமுங்க," என்றாள் தாரிணி மெதுவாக. "பிரிச்சுப் பாக்கவே இல்லை. எனக்கும் தோணலை."

அவள் 'பாத்தோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் அவனுக்கு அதிகமாகச் சுட்டது. அவள் போனை எப்போதோ கீழே இறக்கிவிட்டிருந்தாள். தெருவில் வேறு ஏழெட்டு போன்கள் இறங்கவில்லை.

டம்ளர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்யவேண்டும் என்று தெரியாத வீடு இந்தியாவில் கிடையாது. ஆலோசனைகள் குவிந்தன. உள்ளே ஐஸ் தண்ணீர், வெளியே சுடுதண்ணீர். தேங்காயெண்ணெய். சோப்புத் தண்ணீர். ஒரு பெண் உண்மையிலேயே சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து நீட்டினாள். இளங்கோவன் அதை வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இத்தனை பெரிய டம்ளரை நான் பார்த்ததில்லை சாப்," என்றார் நூர் முகமது. அவர் கேலி செய்யவில்லை. வியந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஓரம் நசுங்கியது, தகடு அசையவில்லை. ஹாமரால் அடித்தார்கள். தெரு அதிர்ந்தது. பன்னிரண்டு மணி தன் வழியே போய்விட்டது. அப்போதுதான் இளங்கோவனுக்குச் சந்தீப்பின் ஞாபகம் வந்தது. போன் செய்தான். சந்தீப் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது, அவன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

கார் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. சந்தீப் இறங்கினான். பள்ளத்தைப் பார்த்தான். சங்கிலியில் தொங்கிய அடுக்கைப் பார்த்தான். கடைசியாக இளங்கோவனைப் பார்த்தான்.

"பன்னெண்டு மணின்னு சொன்னீங்களே சார்."

சந்தீப் கத்தியிருந்தால் இளங்கோவனும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பான். மழை, துத்தநாகம், யார்டு என்று சொல்ல அவனிடம் நிறைய இருந்தது. சந்தீப் கத்தவில்லை. பின்கதவைத் திறந்து குனிந்து, அம்மாவிடம் ரகசியம் மாதிரி ஏதோ பேசினான். உள்ளேயிருந்து "திரும்பிப் போலாம் பா" என்று தெலுங்கில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தீப் சொன்னதும் கேட்டது.

யாரோ வீட்டிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சாவித்ரியை அதில் உட்காரவைத்தார்கள். முன்கால் ஒன்றைச் சந்தீப் பிடித்தான், பின்னால் நூர் முகமதுவும் சந்திரசேகரனும். நாலாவது காலுக்கு ஆள் வேண்டியிருந்தது. இளங்கோவன் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தாரிணியிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பிடித்தான்.

நாற்காலி தரையை விட்டு எழும்பியதும் சாவித்ரி புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை முழுவதும் மூடிக்கொண்டாள்.

பலகைமேல் பக்கவாட்டில், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். கைதட்டிய ஆள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இளங்கோவனின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தத் தலைப்பு, மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. ரொம்ப லேசாக இருந்தாள். ஒரு தகட்டின் எடைகூட இருக்காது. அந்தக் கணக்கு தன் மண்டைக்குள் ஓடியதற்காக அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டு வாசலில் இறக்கினார்கள். அவள் தலைப்பை எடுக்கவில்லை. சந்தீப் நாற்காலியோடு உள்ளே இழுத்துக்கொண்டு போனான். கதவு சாத்தப்பட்டது.

மாலைவரை அடித்ததில் மேல்தகடு மட்டும் பிரிந்தது. பிரிந்தபோது அது பாதி வட்டமாக இல்லை. மீதியை யார்டுக்குக் கொண்டுபோய் கேஸ் வைத்து அறுக்கவேண்டும், புதிதாக வளைத்துக் கொண்டுவரவேண்டும். நாளைக்கு முடியுமா, மறுநாளா, தெரியாது. சந்திரசேகரன் வண்டியில் நூர் முகமது பக்கத்தில் ஏறினார்.

"தெருவில யார் சொல்றது சார்?" என்றான் இளங்கோவன்.

"நான் வந்து சொல்றேன் ரே. ராத்திரி ஆனா என்ன." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், நாற்காலி தூக்கியது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க யார்டைப் பாருங்க," என்றான்.

வண்டி போயிற்று. தாரிணி பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை என்று அவன் நம்பினான். பார்க்கிறாள் என்றும் அவனுக்குத் தெரியும்.

முதல் கேட். எண்ணெய் கொடுத்த பெண்ணின் வீடு. அழைப்புமணியை அழுத்தப்போனவன் ஹெல்மெட் தலையில் இருப்பதை உணர்ந்து கழற்றினான். எங்கே வைப்பது என்று பார்த்தான். அக்குளைத் தவிர அதற்கு வேறு இடமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது; கை இரண்டும் வேண்டியிருந்தது. ஷூ முழுக்கச் சேறு. கழற்றினான். சொன்னான். அடுத்த வீட்டிலும் சொன்னான். ஒருவர் திட்டினார். ஒருவர் பைக்கை எங்கே நிறுத்த என்று கேட்டார். ஒரு வீட்டில் டீ குடிக்கிறீர்களா என்றார்கள்; அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாவித்ரியின் கதவைச் சந்தீப்தான் திறந்தான். விலகி நின்றான். முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

"அம்மா," என்றான். கைகள் தாமாகக் கூடியிருந்தன. "தப்பு என்னோடது. நான்தான் வடிவமைச்சது. நான்தான் வாக்குக் குடுத்தது. நாளைக்கும் தெரு அப்படித்தான் இருக்கும்."

சந்தீப் அதைத் தெலுங்கில் திருப்பிச் சொன்னான். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள், சந்தீப் மாற்றிச் சொன்னான்.

"டிரெஸ்ஸிங் மாத்த நர்ஸம்மா ஸ்கூட்டியில வரணும். எத்தனை மணிக்குச் சரியாகும்?"

"தெரியலைம்மா," என்றான் இளங்கோவன். "நர்ஸம்மா எப்ப வராங்கன்னு சொல்லுங்க. பலகைகிட்ட நான் நிக்கறேன்."

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். பிறகு வெளியே வந்து, ஷூவைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த கேட்டுக்குப் போனான்.