வரம்புக்குக் கீழே ஒரு தட்டல்

1

இந்தக் கதை ஒரு பழைய அதிர்வுப் பதிவிலிருந்து பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அன்று ஆய்வகத்துக்கு வெளியே மழை...’ இல்லை, மழை பெய்யவில்லை. பழைய நினைவு வந்தாலே மழையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

2

சல்லடைக்கு அப்போது இருபத்தாறு வயது. இரைச்சல் கலந்த எந்தப் பதிவையும் சலித்துச் சுத்தமாக்குவான். அதனால் அந்தப் பெயர். அவனும் உடன் ஆராய்ந்த ஒருத்தியும் ஓர் இயந்திரக் கையை ஆட்டி, அது ஆடும் விதத்தை வைத்தே உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். விசையை இரட்டித்தால் ஆட்டம் இரட்டிக்காது, அதுதான் வம்பு. இருவரும் மேசையில் காதை வைத்துக் கேட்பார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எவ்வளவு நல்ல நாட்கள்!

(அவன் சலிக்கப் பயன்படுத்தியது வேவ்லெட், ஒரு சின்ன அலைத்துண்டு. பதிவின் மேல் நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டால், எந்த நொடியில் என்ன நடந்தது என்று தெரியும். ஒரு வரம்புக்குக் கீழே இருப்பதை இரைச்சல் என்று பூஜ்யமாக்கிவிடுவார்கள்.)

“கை திரும்புறப்பல்லாம் ஒரு தட்டல் வருதுடா. மூட்டுல இடைவெளி இருக்கு.”

“அது வெறும் இரைச்சல். நீ ஆசைப்பட்டா தட்டல் ஆயிடுமா?”

வரம்பை ஏற்றி வைத்தான். தட்டல் போனது. சான்று இல்லையென்று அவளுடைய ஆய்வேடும் போனது. வேண்டுமென்றே செய்தான் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அது கோபம். அவனுக்குச் சுத்தமான கோடு பிடிக்கும், அவ்வளவுதான்.

பிறகு அவள் அவனுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று முதல்முறையாக அவளை “வாங்க” என்றான்.

3

போன வாரம் ஆய்வகத்தைக் காலி செய்தார்கள். பழைய பதிவு கையில் கிடைக்க, வரம்பை இறக்கி ஓட்டிப் பார்த்தான். கை திரும்பிய இடத்திலெல்லாம் தட்டல், வரிசையாக.

முடிவு ஒன்று: அவளிடம் சொல்கிறான், அவள் அழுகிறாள். (பொய். அழமாட்டாள்.)

முடிவு இரண்டு: பதிவை அழித்துவிட்டு...

4

அழமாட்டாள் என்று எனக்கெப்படித் தெரியும்? அந்த அண்ணி நான்தான்.

இன்று வந்திருக்கிறான். அவனுடைய பையை நான் நகர்த்தியபோது உள்ளே அந்தத் தட்டல்களின் வரைபடத் தாளைப் பார்த்துவிட்டேன்; போன வாரத் தேதி, இறக்கிய வரம்பு.

“அண்ணி, ஒரு விஷயம்...”

“சொல்லு.”

“ஒண்ணுமில்ல அண்ணி. டீ நல்லாருந்துச்சு.”

அவனைக் கூடத்தில் அவன் அண்ணனோடு பேசவிட்டு, அறைக்குள் வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக, என் காதையே நான் நம்பவில்லை. அந்தத் தாள் எனக்கு வேண்டும். ஆனால் நானே கேட்டு வாங்கினால், அவன் இனி இந்த வீட்டுக்கு வருவானா? அவனும் எனக்கு வேண்டும்.

கேட்கட்டுமா, விட்டுவிடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறான்.