சிலையாக நின்ற இரண்டாம் வகுப்பு

ஓடச் சொன்னாலே முகம் சுளிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவைக்க, கெரின் டீச்சருக்குக் கைகொடுத்தது சிலை விளையாட்டுதான். விசில் கேட்டால் அப்படியே நின்றுவிட வேண்டும். அசைந்தவர் அவுட்.

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் அந்த வறண்ட ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, வேலியோரப் புல்லிலிருந்து பழுப்புப் பாம்பு ஒன்று வெளியே வந்தது. கடித்தால் ஆளையே கொல்லும் இனம். பாம்பு என்று கத்தினால் பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள், யாராவது மிதித்துவிடுவார்கள். கெரின் விசிலை ஊதினாள்.

எல்லோரும் நின்றார்கள். பாம்பு டார்னியை நோக்கி ஊர்ந்தது. எப்போதும் முதலில் அவுட்டாகும் துறுதுறுப்பான சிறுமி அவள்.

"மிஸ், லாக்லன் சிரிக்கிறான்!" என்றான் ஒருவன்.

"பேசினாலும் அவுட்டுதான்டா. மூச்சு மட்டும் விடுங்க."

குரல் நடுங்காமலிருக்கக் கெரின் பெரும்பாடு பட்டாள். பாம்பு டார்னியின் ஷூவை உரசிக்கொண்டு போய், வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்தது. பிள்ளைகளை மெதுவாக வகுப்புக்கு நடக்கச் சொன்னாள்.

"யாரு மிஸ் ஜெயிச்சா?"

"டார்னி."

டார்னி வந்து கெரினின் கையைப் பிடித்தாள். பிஞ்சு விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"நா அதப் பாத்தேன் மிஸ். பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டேன். அப்ப நானும் அவுட்டா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் கெரின். அழுகைதான் வந்தது.