மூச்சு வாங்கும் இடங்கள்

எங்கள் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஐம்பது வயது நிறைந்த வருடம், ஓபோவுக்கென்று ஒரு கான்செர்ட்டோ எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஒரே ஒரு வாத்தியம் முன்னால் நிற்கும். மற்ற அறுபது பேரும் அதோடு பேசுவார்கள், மல்லுக்கு நிற்பார்கள், கடைசியில் ராசியாவார்கள். மூன்று பாகம், இருபத்தைந்து நிமிடம். நான் கல்லூரியில் இசை இலக்கணம் நடத்துகிறவன். அதுவரை எழுதியதெல்லாம் நாலு பேர் வாசித்து நாற்பது பேர் கேட்டவை. முன்னால் நின்று வாசிக்கப் போகிறவர் என் மச்சான் என்று தெரிந்ததும் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

மச்சான், அக்காவின் கணவர். அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் இருபத்தாறு வருடமாக முதல் ஓபோ அவர்தான். ஓபோ பார்ப்பதற்குக் கிளாரினெட்டின் ஒல்லித் தம்பி மாதிரி இருக்கும். வாயில் வைக்கிற இடத்தில் இரண்டு நாணல் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய சீவாளி. அதைக் கடையில் வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. மச்சான் தானே சீவுவார். அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கத்திகள், நூல்கண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். நூறு சீவினால் பத்து தேறும். இந்த நாணலோடு குடும்பம் நடத்துகிற நேரத்தில் பாதியை என்னோடு நடத்தியிருந்தால் நமக்குள் சண்டையே வந்திருக்காது என்று அக்கா சொல்வாள். அதனால்தான் நடத்தவில்லை என்பார் மச்சான்.

முன்னால் நின்று கையசைத்து அறுபது பேரையும் நடத்துகிற கண்டக்டருக்கு அவர் வைத்த பெயர் டிக்கெட். டிக்கெட் கை காட்டினால்தான் வண்டி கிளம்பும் என்பார். அந்தப் பெயர் அறுபது பேருக்கும் தெரியும், கண்டக்டரைத் தவிர. அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

நான் எழுத எழுத, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கங்களைப் பின்னறைக்கு எடுத்துப் போவேன். அவர் வாசித்துப் பார்ப்பார். முதல் பாகம் வேகமானது. அதில் அவர் இரண்டு இடங்களை மாற்றச் சொன்னார், இரண்டும் சரி. சிக்கல் இரண்டாம் பாகத்தில் வந்தது. அது மெதுவான பாகம். கனத்த குரலுள்ள செல்லோக்கள் அடியில் தரை போல விரிந்து கிடக்க, அதன்மேல் ஓபோ ஒரே ஒரு ராகத்தை விடாமல் இழுத்துக்கொண்டு போகும். பத்தொன்பது தாளக் கட்டங்கள், ஏறக்குறைய நாற்பத்தைந்து வினாடி, நடுவில் மூச்சு வாங்க இடமில்லை.

ஓபோவில் காற்று தீர்ந்துபோவது பிரச்சினையே இல்லை. சீவாளியின் துளை அவ்வளவு சின்னது, காற்று கொஞ்சம்தான் போகும். மீதி உள்ளேயே தங்கிப் பழசாகிவிடும். நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டே மூச்சு முட்டும். முதலில் பழையதை வெளியே தள்ளி, பிறகு புதியதை இழுக்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு வேலை. மச்சான் அதைச் செய்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

அந்த ஞாயிறு அவர் பத்தொன்பது கட்டத்தையும் மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பதினொன்றில் நின்றது. ஒன்பதாவது கட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி வைக்க முடியுமா என்று கேட்டார். நான் முடியாது என்றேன். அறுத்தால் அது ராகமாகவே இருக்காது, இரண்டு துண்டாகிவிடும் என்றேன். அவர் மறுபடியும் கேட்டார், இந்த முறை கொஞ்சம் தயங்கி. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"வயசாயிடுச்சு, முடியலன்னு நேரா சொல்லுங்க மச்சான். என் பாட்டைக் குறை சொல்லாதீங்க."

அவர் குழலை மூன்றாகக் கழற்றித் துணி விட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வாசல் வரை வந்து, குடை இருக்கிறதா, வெளியே தூறுகிறது என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் என் போனை எடுக்கவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். கோபித்துக்கொண்டிருக்கிறார், தானாக இறங்கி வருவார் என்று நினைத்தேன்.

அக்கா வந்தாள். கல்லூரிக்கு, வகுப்பு முடிகிற நேரத்துக்கு. அவள் அங்கே வந்ததே இல்லை. பிள்ளைகள் வெளியேறும் வரை கதவோரம் நின்றுவிட்டு, முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மச்சானுக்கு ஒரு வருடமாக வறட்டு இருமல் இருப்பதைச் சொன்னாள். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து இறுகுகிறது. பஞ்சு மாதிரி இருந்தது அட்டை மாதிரி ஆகிவருகிறது. போனது திரும்பாது, இருப்பது எவ்வளவு நாள் தாங்கும் என்றும் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தெரிந்தால் இந்தக் கச்சேரியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

"மாடி ஏற இப்ப ரெண்டு தடவை நிக்கிறாரு. போன் வர்ற மாதிரி பாக்கெட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கிறாரு, யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. அந்த மனுஷன் உன்கிட்ட கேட்டது ஒரே ஒரு மூச்சுக்கு இடம், தம்பி."

நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாளே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நோய் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர் போல, விடு மாப்ளே, உன் நாக்கு உன் அக்கா நாக்குதானே என்றார். அதன் பிறகு அடிக்கடி போனேன். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். அவர் அக்காவோடு பேசும்போது எத்தனை சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்துகிறார் என்று கவனிப்பேன். படியில் எத்தனையாவதில் நிற்கிறார், நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்துக் கால் எடுக்கிறார் என்று எண்ணுவேன். வீட்டுக்கு வந்து எழுதி வைப்பேன். அப்போது அது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அன்பில்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தக் குறிப்புகளை வைத்து இரண்டாம் பாகத்தைப் புதிதாக எழுதினேன். பத்தொன்பது கட்டம் போய், நாலு, மூன்று, இரண்டு என்று சிறு சிறு வாக்கியங்கள் வந்தன. ஓபோ நிறுத்துகிற இடத்தில், அது விட்ட ஸ்வரத்தை, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் கையில் வாங்கிக்கொண்டு காத்திருக்கும். ஓபோ திரும்பி வந்து, விட்டதற்குக் கொஞ்சம் கீழே இருந்து தொடங்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழே. ஆறு நாளில் முடித்தேன். அவ்வளவு நல்லதாக நான் எதையும் எழுதியதில்லை. முடித்த அன்றே எனக்கு அது தெரியும்.

மச்சான் பக்கங்களை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாசிக்காமல் கண்ணாலேயே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அக்கா சொன்னாளா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியும்.

"நல்லாயிருக்கு மாப்ளே" என்றார். "வாசிக்கலாம்."

முதல் ஒத்திகையை ஒப்பேற்றினார். இரண்டாவதில், மூன்றாம் பாகத்தின் நடுவே, அவர் முறை வந்தபோது ஓபோ வரவில்லை. அறுபது பேரும் இரண்டு கட்டம் தாண்டிப் போய், பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். அவர் குழலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார், உதடு நீலம் பாய்ந்து. கண்டக்டர்தான் முதலில் இறங்கி ஓடிவந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். மறுநாள் டாக்டர் இனி ஊதவே கூடாது என்று சொல்லிவிட்டார். கச்சேரிக்குப் பதினாறு நாள் இருந்தது.

அவர் இடத்துக்கு வந்தவள் இரண்டாம் ஓபோ வாசிக்கிற பெண். ஒன்பது வருடம் மச்சானுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள், கைதேர்ந்தவள்.

மச்சான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாய். பழைய பாகத்தை அவளுக்குக் கொடுத்துவிடு என்றார். அறுக்காத ராகத்தை அவள் அநாயாசமாக வாசிப்பாள் என்றார்.

"அவளுக்கு மூச்சு இருக்கு. என் இருமலை எதுக்கு அவ தலையில கட்டுறே?"

புதியதுதான் நல்ல இசை என்று சொன்னேன். கண்டக்டருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ராவும் அதைத்தான் பழகியிருக்கிறது, இப்போது மாற்ற நேரமில்லை என்றேன். எல்லாமே உண்மைதான். ஆனாலும் நான் நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். இரண்டாம் பாகத்தில் மற்றவர்களுக்கு வேலை அதிகமில்லை, ஒரு ஒத்திகையில் பழகிவிடுவார்கள். அவர் கையை உயர்த்தி, சரி, உன் இஷ்டம் என்பது போல அசைத்தார். பேசினால் இருமல் வரும்.

அதோடு நான் நிறுத்தவில்லை. அந்தப் பெண் ஒத்திகையில் இடைவெளிகளை வெறும் மௌனமாக விட்டு வாசித்தாள். சுத்தமாக இருந்தது, ஆனால் உயிரில்லை. இந்த இடைவெளியெல்லாம் எதற்கு, மூச்சு வாங்க இவ்வளவு நேரம் எனக்குத் தேவைப்படாதே என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் சொன்னேன். ஸ்கேனிலிருந்து மாடிப்படி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தன் கையிலிருந்த தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "இதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து வேறு மாதிரி வாசித்தாள்.

கச்சேரி மாலை ஆறு மணிக்கு. மச்சான் வந்தார். வரவேண்டாம் என்று அக்கா எவ்வளவோ சொல்லியும், சட்டையை இஸ்திரி போடச் சொல்லிப் போட்டுக்கொண்டு வந்தார். பக்கவாட்டில், சக்கர நாற்காலி நிறுத்துகிற இடத்தில், சிலிண்டரோடு அவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் பாகம் நன்றாகப் போனது. இரண்டாம் பாகத்தில் அவள் முதல் வாக்கியத்தை முடித்து, குழலை வாயிலிருந்து எடுத்தாள். இடது தோள் சற்றே உயர்ந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பழைய காற்றை விட்டு, புதியதைத் துண்டு துண்டாக, இரண்டு இழுப்பாக இழுத்தாள். அந்தச் சத்தம் அரங்கில் கேட்டது, அது மச்சானின் மூச்சு. அவள் நடிக்கவில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு, அந்தக் கடைசி ஒரு வருடம் எல்லாமே கேட்டிருக்கிறது. என்னவென்று தெரியாமலே கேட்டிருக்கிறாள். வயோலாக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் வில்லைத் தூக்கிய கையாலேயே கண்ணைத் துடைத்தார். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு அம்மாள் விசும்பினாள். அவளுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. என்னை மேடைக்கு அழைத்தார்கள். கண்டக்டர், நல்லெண்ணத்தில்தான், மச்சான் இருந்த பக்கம் கை நீட்டினார். கூட்டம் மொத்தமும் திரும்பியது. அவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து, ஒரு கும்பிடு போட்டு, உட்கார்ந்தார்.

அரங்கத்தின் பின்பக்க நடையில் அவரைப் போய்ப் பார்த்தேன். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் வரிசையாக வந்து அவர் கையைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் குறையும் வரை காத்திருந்தார். அப்புறம் என்னைக் குனியச் சொன்னார்.

"இருபத்தாறு வருஷம், மாப்ளே." நிறுத்தினார். "நான் மூச்சு வாங்குறது யாருக்கும் தெரியாம வாசிச்சேன். என் வேலையே அதுதான்." மறுபடி நிறுத்தினார். "அதை நீ ஊருக்கே காட்டிட்டே."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் தப்பு இருக்கிறது என்று காட்டுவதுபோலச் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா நாற்காலியைத் தள்ளத் தொடங்கிவிட்டாள்.

அவர் ஏழு மாதம் இருந்தார். வாரம் தவறாமல் போனேன். என்னைப் பார்த்தால் முகம் சுளித்ததில்லை. செய்தித்தாள் படிக்கச் சொல்வார், மாநகராட்சிக்காரன் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனதைப் பற்றி ஒவ்வொரு சொல்லாகத் திட்டுவார். இசையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதற்குள் வேறு ஊர்களிலிருந்து நாலு ஆர்க்கெஸ்ட்ராக்கள் அந்த கான்செர்ட்டோவைக் கேட்டு எழுதியிருந்தன. கொடுக்கலாமா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். அது உன்னுடையது, என்னைக் கேட்காதே என்றார். நான் கொடுத்தேன். நாலு பேருக்கும் அறுத்த ராகத்தையே கொடுத்தேன். ஒரு மத்தியானம், அக்கா துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், அவர் போய்விட்டார்.

ஆர்க்கெஸ்ட்ரா நினைவுக் கூட்டம் வைத்தது. அங்கே இரண்டாம் பாகத்தை வாசிக்க வேண்டுமென்று எல்லோரும் விரும்பினார்கள். முடியாது என்று முதலில் சொன்னவள் அந்தப் பெண்தான். தான் இனி எங்கேயும் அதை வாசிக்கப் போவதில்லை என்றாள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னறையை அவள் வாடகைக்கு விடப்போகிறாள், சாமான்களை ஒழிக்கக் கூடமாட இருந்தேன். பெட்டியில் தாள்களை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"நீ நல்லாத்தான் எழுதியிருக்கே, தம்பி. எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் தெரியுது. ஆனா அதைக் கேக்க என்னை எங்கயும் கூப்பிடாதே."

சரி அக்கா என்றேன். அவள் பெட்டியை மூடி நூல் போட்டுக் கட்டினாள். நான் முடிச்சின்மேல் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.