உப்பு பார்த்தவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனையில் உதித்த கதை அல்ல. கீழ்வீட்டில் நோன்பு திறந்த கையோடு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த வாய்மூடித்தனத்தில் பிறந்த கதை இது. என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைக் காறித் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று.

முதல் தாள்: "ஸஃபி துறைமுகத்தில் மத்திமீன் படகுகள் கரை சேரும் நேரம், கடற்காற்று..." (வேண்டாம். காற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது, சொல்ல வந்ததைச் சொல்லத் துணிவில்லாதவர்கள் வேலை.)

இரண்டாம் தாள்: "இல்ஹாமுக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகி ஒன்பது வருஷம், இன்னும்..." (இதையும் முடிக்கப் போவதில்லை. இந்த வாக்கியத்தை ஒன்பது வருஷமாகத் தெருவே முடித்துக்கொண்டிருக்கிறது.)

மூன்றாம் தாள்: "சட்டியில் உப்பு போட்டோமா இல்லையா என்று இல்ஹாமுக்கு நினைவு வரவில்லை."

இது நிற்கும். இதிலிருந்து போவோம்.

2

சட்டியில் உப்பு போட்டோமா இல்லையா என்று இல்ஹாமுக்கு நினைவு வரவில்லை. ரமலான் பதினைந்து, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்திருந்தது. அடுப்பில், நோன்பு திறந்ததும் குடிக்கிற ஹரீரா கொதித்துக்கொண்டிருந்தது. முதல் நாளே ஊறவைத்துத் தோல் உரித்த கொண்டைக்கடலை, மசூர் பருப்பு, துருவிய தக்காளி, பொடியாய் நறுக்கிய ஆட்டிறைச்சி, கைப்பிடி கைப்பிடியாய் மல்லித்தழை, செலரி எல்லாம் வெந்து குழைந்திருந்தன. இனி மாவுக்கரைசலை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. ஊற்றத் தொடங்கினால் கிண்டுவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டி தட்டிவிடும்.

அதற்கு முன்னால் இடுப்பில் ஒரு வலி வந்தது. அவளுக்குத் தெரிந்த வலிதான். குளியலறைக்குப் போனாள். பார்த்தாள். கழுவிக்கொண்டு வந்து அடுப்பருகே நின்றாள்.

(அவள் குளியலறையில் அழுததைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. அடுப்பில் சட்டி இருக்கும்போது அழ ஏது நேரம்?)

பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. மருந்துக்கடைக் குச்சியை அவள் வாங்கவில்லை. ஒன்பது வருஷமாக ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அந்தக் குச்சியின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்துவிட்டது. "பெருநாள் போகட்டும் மாமி, டாக்டரிடம் போவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடே மிதந்துகொண்டிருந்தது.

உப்பு டப்பா திறந்து கிடந்தது. போட்டுவிட்டுப் போனோமா, போடுவதற்காகத் திறந்தோமா? தெரியவில்லை. ஒரு பிடி அள்ளிப் போட்டாள். போட்ட மறுகணம், முதலிலும் இதே போலக் கையை உதறினது நினைவுக்கு வந்தது.

3

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நோன்பு வைத்தவள் சமைக்கலாம், ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிற, மார்க்கம் படித்த ஆலிம்கள் உண்டு. இந்த வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு நோன்பில்லாத ஒருத்தியைக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் மாதவிலக்கில் இருக்கிற பெண்தான் அது. பாதிப் பகலில் விலக்கு வந்தாலும் அன்றைய நோன்பு முறிந்துவிடும். வாய்விட்டு யாரும் எதையும் கேட்பதில்லை. யார் கையில் கரண்டி போகிறதோ அவளுக்குத் தொழுகையில்லை என்று வீடு முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்பது ரமலானாக, விலக்கு நாட்களில், இல்ஹாம் உப்பு பார்த்தாள். ஒன்பது ரமலானாக அவளுடைய மாமியார் லல்லா ஹனிய்யா, கரண்டியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வருஷம்தான் கரண்டி மாடிக்கு வந்தது. மாடியில் குடியிருப்பவள் நான். பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். எனக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறேன், நோன்பு வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் அஸருக்குப் பிறகு கதவில் மூன்று தட்டு கேட்கும். கதவைத் திறந்தால் இல்ஹாம், ஒரு கையில் கரண்டி, அடியில் தட்டு.

"மாடியக்கா, வாயைத் திறங்க."

"என்னடி இது, இறைச்சித் துண்டே காணோம்? உப்பு பார்க்கிறவளுக்கு இவ்வளவுதான் மரியாதையா?"

"உங்களுக்குத் துண்டு வேற கேக்குதா? உப்பு எப்படி, அதைச் சொல்லுங்க."

"சப்புன்னு இருக்கு. உன் கைக்கு உப்பு அளவே தெரியலையே, என்னத்த குடும்பம் நடத்துற?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போவாள். நான் உப்பு பார்க்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நல்ல நாள். அது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

4

லல்லா ஹனிய்யாவைக் கொடுமைக்கார மாமியாராக எழுதிவிட எவ்வளவோ பார்த்தேன். பேனாவுக்குள் வர மாட்டேன் என்கிறாள். பன்னிரண்டு நாளாக மருமகளைத் தண்ணீர் வாளி தூக்க விடவில்லை. இல்ஹாம் உட்காரும் இடத்தில், முதுகுக்கு அண்டைகொடுக்கத் தன் சிவப்புத் தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். நோன்பையும் விட்டுவிடச் சொன்னாள், இல்ஹாம் விடவில்லை.

"வயித்துல ஒண்ணு இருந்தா நோன்பு கடமையில்லடி, கேட்டுக்கோ."

"இன்னும் உறுதியாகலையே மாமி."

"என் மனசுக்கு உறுதியாயிடுச்சு. நீ வாயை மூடு."

இப்படி ஆசைப்படுகிறவளை எப்படி வில்லியாக்குவது? என் கதைக்குக் கெட்டவர் ஒருவர் வேண்டும். தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில் மாடியில்தான் அகப்பட்டாள்.

அன்றைக்கு என்ன விசேஷமென்றால், லல்லா ஹனிய்யாவின் தங்கை ருக்கய்யா அல்ஜதீதாவிலிருந்து நோன்பு திறக்க வருகிறாள். அவள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறது, இருபத்து மூன்று வயது. இல்ஹாமுக்குத் தலாக் சொல்லி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெருநாள் கழிந்ததும் அந்தப் பெண்ணை அவள் கணவன் இத்ரீஸுக்குக் கட்டிவைப்பது என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. இத்ரீஸ் நல்லவன்தான். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத நல்லவன். பெண் வீட்டார் ரமலான் பாதிக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் வேறு மாப்பிள்ளை பார்ப்பார்களாம். ருக்கய்யா பதில் வாங்கிப் போகத்தான் வந்தாள், காலையில் கிளம்பிவிடுவாள். லல்லா ஹனிய்யா மாடிப்படியில் நின்று என் காதோரம் சொன்னது: "இந்தத் தடவை வேணாம்னு சொல்லி அனுப்பிடப் போறேன். அல்லாஹ் கண்ணைத் திறந்துட்டான்."

ஆகவே இல்ஹாமுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ராத்திரி. அந்த ஒரு வேளை யாருக்கும் தெரியாமல் கழிந்தால், ருக்கய்யா "வேண்டாம்" என்ற சொல்லோடு போய்விடுவாள், அந்தப் பெண் கை நழுவிப் போகும். அடுத்த மாதம் அழுதுகொள்ளலாம்.

5

முடிவு அ. இல்ஹாம் கரண்டியோடு மாடிக்கு வருகிறாள், மூன்று தட்டு தட்டுகிறாள், நான் திறக்கிறேன். "ஐயையோ, உப்பு கரிக்குதேடி! கடல்ல மொண்டுட்டு வந்தியா?" என்கிறேன். அவள் முகத்தைப் பார்க்கிறேன். பார்த்ததும் புரிந்துவிடுகிறது. "போ, தண்ணி விளாவு, மாவு கூடக் கரைச்சு ஊத்து. யாராவது கேட்டா நான் பார்த்தேன்னு சொல்றேன்" என்கிறேன்.

இந்த முடிவைப் பதினோரு தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே வருகிறது. ஆனால் இது நடக்கவில்லை.

முடிவு ஆ. அவள் எதையும் திருத்தவில்லை. உப்பு கரிக்கிற ஹரீராவை அப்படியே பரிமாறுகிறாள். ருக்கய்யா இருமித் தீர்க்கிறாள். "ஒன்பது வருஷமா தண்ணி ஊத்துற மரம், பூ வைக்கலைன்னாலும் நிழலாவது தரக் கூடாதா? ஒரு சட்டி ஹரீராவுக்கு வக்கில்ல!" நான்கு வசவோடு போயிருக்கும். வசவு இல்ஹாமுக்குப் புதிதா என்ன?

ஆனால் அவளால் அப்படி விட முடியாது. விருந்தாளி வருகிற நாளில் கெட்டுப்போன சட்டியை இறக்கிவைக்க அவள் கை ஒப்பாது. நல்ல சமையல்காரியாக இருந்தது அவள் செய்த குற்றம்.

6

நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று தட்டு கேட்டது. நான் மேசையில் இருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன். வேறொரு கதை. மழையைப் பற்றி ஒரு வாக்கியம் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. "மழை விட்ட பிறகும் ஓட்டிலிருந்து..." அவ்வளவுதான், அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் மூன்று தட்டு. 'உப்புதானே, ஒரு நாள் பார்க்காவிட்டால் குடியா முழுகிவிடும்' என்று நினைத்தேன். அப்படியே, இதே சொற்களில்தான் நினைத்தேன். மூன்றாம் முறை தட்டியபோது "மாடியக்கா" என்று குரலும் கேட்டது. வழக்கமான கேலிக் குரல் இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் நாற்காலியை விட்டு எழவில்லை.

(அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. முடியவும் வேண்டாம்.)

கீழே போனாள். சமையலறையில் யாருமில்லை. கரண்டியில் இருந்ததைத் தானே குடித்தாள். விடிந்ததிலிருந்து அவள் தொண்டையில் இறங்கிய முதல் வாய் அது. உப்பு கரித்தது. ஒரு செம்பு தண்ணீர் விட்டாள், இரண்டு தக்காளி துருவிப் போட்டாள், மாவு கரைத்து ஊற்றிக் கிண்டினாள். மறுபடி பார்த்தாள். இன்னொரு அரைச் செம்பு விட்டாள். சேமியாவை உதிர்த்துப் போட்டாள். சட்டி கழுத்துவரை ஏறிவிட்டது. உப்பு இப்போது அளவாக இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, வறண்ட உதடு தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

நோன்பு திறக்கிற மஃரிபுக்குச் சற்று முன்னால் நான் கீழே போனேன். விருந்துக்கு எனக்கும் அழைப்பு. வாசலில் லல்லா ஹனிய்யா, "என்ன, இன்னிக்கு மாடியில சத்தமே இல்லை?" என்று சும்மா கேட்டாள். நான் அதை மருமகள் சொல்லி அனுப்பிய புகார் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறக்காத குறுகுறுப்பு வேறு.

"அஸருக்கு முன்னாடியே சந்தைக்குப் போயிட்டேன் லல்லா. இப்பதான் வந்து நிக்கிறேன்."

உப்புப் பெறாத ஒரு பொய். யாரும் கேட்காத ஒரு பொய்.

சங்கு ஊதியது, பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், பால், சீரகம் தூவிய முட்டை, தேனில் ஊறிய எள்முறுக்கு. இல்ஹாம் சட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள். அவளுடைய இடத்தில் சிவப்புத் தலையணை காத்திருந்தது. ருக்கய்யா முதல் வாய் குடித்துவிட்டு, தன்னை மீறி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

லல்லா ஹனிய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் மருமக கை சும்மாவா? ஆமா, என்னடி சட்டி கழுத்துவரைக்கும் நிக்குது? கல்யாண வீட்டுக்கா ஆக்கினே?"

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு மாமி. தண்ணி விளாவினேன்."

"கூடிப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சது?"

"மாடியக்கா பார்த்துச் சொன்னாங்க" என்றாள் இல்ஹாம். தயங்காமல் சொன்னாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

லல்லா ஹனிய்யாவின் கரண்டி பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினாள். "நீங்க சந்தைக்குப் போயிருந்தேன்னு சொன்னீங்களே?"

7

இத்ரீஸ் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ருக்கய்யா என்னைப் பார்த்தாள். இல்ஹாம் நின்றபடி என்னைப் பார்த்தாள், கையில் அதே கரண்டி. லல்லா ஹனிய்யா இன்னொன்றும் கேட்டாள், அதுதான் நான் கடைசிக்கு வைத்திருக்கிற கேள்வி.

"திரும்பி வந்து பார்த்தேன்" என்று சொல்லியிருக்கலாம். "சந்தைக்குப் போனது நேத்து, மறந்து சொல்லிட்டேன்" என்று அசடு வழிந்திருக்கலாம். கிழவிக்கு மறதி என்று சிரித்திருப்பார்கள். நாற்பது வருஷமாகப் பொய்களை ஜோடித்துக் கதை என்று விற்றவள் நான். அந்த நேரத்தில் ஒரு பொய் வாயில் வரவில்லை. வரவில்லை என்பதும் பொய். நான் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டேன். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் பழம் இருக்கிறவள் பேச வேண்டியதில்லை.

லல்லா ஹனிய்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். மாடியில் பார்க்கவில்லையென்றால் கரண்டி யார் வாய்க்குப் போனது என்று கணக்குப் போட்டுவிட்டாள். பிறகு கை நீட்டி, அந்தச் சிவப்புத் தலையணையை எடுத்துத் தங்கையின் முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

"குடிங்க" என்றாள். "ஆறிடும்."

அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்து கிண்ணத்தில் விழுந்தது. துடைக்காமல் குடித்தாள்.

8

பெருநாளுக்கு மறுவாரம் இல்ஹாமின் அண்ணன் வண்டி கொண்டுவந்தார். நான் மேலிருந்து பார்த்தேன். அவள் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இது அடுத்த ரமலான். அல்ஜதீதாப் பெண் இரண்டாம் நோன்பிலிருந்தே கரண்டியும் தட்டுமாக வருகிறாள், இன்னும் கூச்சம் போகவில்லை. நான் முதல் தட்டிலேயே திறந்துவிடுகிறேன். சில நாள் தட்டுவதற்கு முன்பே திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

9

முடிவு இ என்று ஒன்று எழுதலாமென்று இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். இல்ஹாம் எங்கோ நன்றாக இருக்கிறாள், அவளுக்கு... (நிறுத்திவிட்டேன். அவளைப் பற்றி இன்னொரு வாக்கியம் எழுத எனக்கு அருகதை கிடையாது.)

ஆகவே நீங்கள் வாருங்கள். இந்த நாற்காலியில் உட்காருங்கள், நான் எழுந்துகொள்கிறேன். பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன், உங்கள் வாய் காலியாக இருக்கிறது. ஹரீராவில் இன்னும் ஆவி பறக்கிறது. இல்ஹாம் கரண்டியோடு நிற்கிறாள். ருக்கய்யா காலையில்தான் கிளம்புகிறாள், இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. லல்லா ஹனிய்யா உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறாள். உங்கள் வாயிலிருந்து 'ஆமாம்' என்று வரவேண்டுமே என்று என்னைவிட அவள்தான் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லுங்க, நீங்கதானே உப்பு பார்த்தீங்க?"