பீரோவுக்குப் பின்னால் கொளஞ்சி

"இன்னும் கொஞ்சம் தள்ளு சுரையா. நுனி தெரியுது பாரு."

அன்வருதீன் பீரோவைத் தோளால் நெம்பிப் பிடித்திருந்தார். சுரையா தரையில் உட்கார்ந்து அந்த ஃப்ளெக்ஸ் சுருளைப் பின்பக்க இடுக்கில் செலுத்தினாள். முதலில் அதைக் கதவோரம் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். ஆள் தொடாமலே இரண்டு முறை சரிந்து விழுந்தது. இரண்டாம் முறை அது அவர் தொழுதுகொண்டிருந்த பாயின் மேல் விழுந்ததிலிருந்து படுக்கவைத்துவிடலாம் என்று அவளேதான் சொன்னாள். இப்போது சுவர் மூலையில் இடித்து நின்றுவிட்டது. நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல போவாதுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"கொளஞ்சி வந்துட்டா?"

"நாப்பது வருஷமா வராதவரு இன்னிக்குதான் வரப்போறாரா?"

அவர் சிரிக்கவில்லை. பீரோவை விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தை மாதக் காலையில் அவருக்கு அப்படி வேர்த்திருந்தது.

கொளஞ்சியை அவர்கள் குடியிருக்கும் முல்லா வீதியில் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் உப்பளம் மைதானத்துக்குக் கால்பந்து பார்க்கக் கூட்டம் போனதே அவருடைய இடது காலைப் பார்க்கத்தான். சாரம் பகுதியில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்து வெறுங்காலோடு ஆட வந்தவர். அன்வருதீன் தன் பை விற்கும் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய்விடுவார். நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாளும் போனார். இடது கார்னர் கொடியருகே கறுப்புக் குடையை விரித்து உட்காருவார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது குடையும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்மூலைக்குப் போகும்.

அந்தக் கொளஞ்சியைப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூச்சு மெஷினில். வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பளம் டீக்கடையில் கூடும் பழைய ஆட்கள் நாலைந்து பேரும் அன்று அதைத்தான் பேசினார்கள். இராமதாஸ்தான் ஆரம்பித்தது. "பொங்கலுக்கு நாலு நாள் பிரிண்டிங் கடை மூடிடுவான். நடுவுல ஆயிட்டா ஒரு பேனர் கூட இல்லாம போவணுமா மனுஷன்? பாய், நீ எழுது. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

அன்வருதீன் மூன்று நாள் எழுதினார். கையெழுத்து புரியாது என்பதால் சுரையாதான் வெள்ளைத்தாளில் எடுத்து எழுதினாள். எழுபத்தேழில் மாஹே அணிக்கு எதிராகக் கார்னரிலிருந்து யார் தலையிலும் படாமல் வலைக்குள் வளைந்த பந்து. பிரெஞ்சுக் கப்பல் மாலுமிகளுக்கு எதிராக மூன்று கோல். அன்று அவர்களுடைய கேப்டன் தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுக்க, அளவு பெரிதென்று கொளஞ்சி அதைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியது. 'நீ இடது பக்கம் ஓடினால் உப்பளமே இடது பக்கம் சாயும்' என்ற வரியை எழுதிவிட்டு அவளே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். மேலே, 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, பிறந்த தேதி. மறைந்த தேதிக்கு இடம் விட்டிருந்தார். ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று.

ஆறடிக்கு நாலடி பேனர் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. காணும் பொங்கல் அன்று கொளஞ்சி கண்ணைத் திறந்து காப்பி கேட்டார்.

டீக்கடையில் சிரித்தார்களாம். "கோல்கீப்பரையே ஏமாத்துனவன், எமனை ஏமாத்த மாட்டானா?" அன்வருதீனும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் வீட்டில் அந்தச் சுருள் இருந்தது. அதில் கொளஞ்சியின் முகம் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக் கூரைக்கு விரிப்பார்கள்.

"சாவு சாமான் வூட்டுக்குள்ள வந்தா வெறுங்கையோட திரும்பாதும்பாங்க" என்று சுரையா ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"அது வெறும் பிளாஸ்டிக்கு. போ" என்றார். ஆனால் அன்றிலிருந்து சுருள் இருந்த பக்கம் தலைவைக்காமல் தலையணையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"சாரத்துக்குப் போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன். டிஸ்சார்ஜ் ஆயி நாலு நாளாச்சு" என்றாள் இப்போது, தரையிலிருந்து எழுந்தபடி.

"போறேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறதுன்னுதான் பாக்கறேன்." கொஞ்ச நேரம் பீரோவைப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி குடு."

அவள் சொம்போடு திரும்பியபோது அவர் பீரோவில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அதிக நேரம் வைத்திருக்கவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் உடலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

சுரையாவை உள்ளறையில் உட்காரவைத்தார்கள். இனி நாலு மாதம் பத்து நாள் வேற்று ஆண்கள் முன் அவள் வரமுடியாது. சுற்றிலும் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பின்கட்டைப் பார்த்திருந்தது. திரையின் இடைவெளியில், மேற்குச் சுவரோரம் குளிப்பாட்டும் பலகையைப் போடுவது தெரிந்தது. மகள் அஸ்ஃபியாவின் கணவன் ஸாகிப் போர்வைகளைக் கயிற்றில் கட்டி மறைப்பு போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுப் பக்கம் மறைக்க ஒன்று போதவில்லை. அவன் அறைக்குள் வந்து, தலையைக் குனிந்தபடியே சுற்றிலும் பார்த்தான்.

"மாமி, இங்க ஒரு ஃப்ளெக்ஸ் நீட்டிக்கினு இருக்கே, எடுத்துக்கிறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதிலிருந்து விடுபட்டு நிமிர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

"அஸ்ஃபியா, ஓடு. அத கட்ட வேணாம்னு சொல்லு."

அஸ்ஃபியா போய்விட்டு வந்தாள். முகம் மாறியிருந்தது. "கட்டிட்டாரும்மா. எழுத்து உள்பக்கமா இருக்கற மாதிரி திருப்பிதான் கட்டியிருக்காரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல."

"அவுக்கச் சொல்லு."

"குளிப்பாட்ட ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப எப்பிடிம்மா அவுக்கறது?"

பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு பேனர் லேசாக உப்பி அடங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். அவர் பார்வையிலேயே கொளஞ்சி.

வாசலில் ஆட்டோ நின்றது. "கொளஞ்சி வந்திருக்காரு, வழி விடுங்க" என்ற குரல் கேட்டதும் சுரையாவின் கை திரையைப் பற்றியது.

இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டைக்குள் ஆளே இல்லாதது போலிருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. இடது கால் முன்னே வர, வலது கால் இழுபட்டது. வாசலிலேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை.

"உள்ள போவக் கூடாதுன்னு தெரியும்பா. கிட்ட ஒக்காந்துக்கறேன். அவுரு எங்கிட்டதான ஒக்காந்திருந்தாரு அத்தினி நாளும்."

மறைப்புக்கு நாலடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள்.

மணி மூன்றாகியிருந்தது. வெயில் மேற்குச் சுவரைத் தாண்டி இறங்கியது. முதலில் குனிந்து நிமிரும் மூன்று பேரின் நிழல்தான் பேனரில் விழுந்தது. பிறகு வெள்ளையில் நிறம் ஊறத் தொடங்கியது. தூக்கிய ஒரு கால். அதன் நுனியில் பந்து. முகம். அதற்கும் மேலே பெரிய எழுத்துகள், இடவலம் மாறி.

சுரையா கொளஞ்சியையே பார்த்தாள். அவர் கண் அந்தக் காலில் இருந்தது. மெதுவாக எழுத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது. தாங்கி வந்தவர்களில் ஒருவன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்ல, அவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார். உள்ளே கடைசிக் குடம் தண்ணீரை ஊற்றினார்கள். அது பேனரின் அடிவழியாக ஓடிவந்து அவர் செருப்பை நனைத்தது. காலை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

கபன் துணி சுற்றி முடிந்ததும் அஸ்ஃபியாவைக் கைகாட்டி அழைத்தார். ஜன்னலுக்குக் கேட்கும்படிதான் பேசினார்.

"பாப்பா, அது மாஹே மேட்ச்சு படம். எங்கிட்டயே இல்ல. பாயி எடுத்ததா?"

"ஆமா." அஸ்ஃபியா தடுமாறினாள். "ஐயா, அத்தா தப்பா நெனச்சி செய்யல. பொங்கலுக்குக் கடை…"

"கடை மூடிடுவான். தெரியாதா எனக்கு?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமல் அடங்கக் காத்திருந்தார்கள். "ரெண்டாவது ஆஃப்ல சைடு மாறும் பாரு, கொழம்பும். நான் கோல் போஸ்ட்ட பாக்கமாட்டேன். கறுப்புக் குடை எங்க இருக்குன்னு பாப்பேன். அந்தப் பக்கம் ஓடுவேன். அவ்ளோதான். அம்மாகிட்ட சொல்லு."

"இத அவுத்து உங்ககிட்டயே குடுத்துடறோம்."

"எனக்கு எதுக்கு இப்ப? வேணும்ங்கறப்ப எம்புள்ளைங்க வந்து வாங்கிக்குவாங்க. அதுவரைக்கும் பாயி வூட்லயே இருக்கட்டும்."

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது அவரும் எழுந்தார். தோள் கொடுக்க உயரம் எட்டவில்லை. இடது கையை மட்டும் மரத்தில் வைத்து வாசல்வரை நடந்தார். அதற்குமேல் முடியாமல் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

தெரு அடங்கியபின் ஸாகிப் பேனரை அவிழ்த்துத் துடைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. பீரோவை நெம்பி, எடுத்த இடத்திலேயே செலுத்தினான்.

"முழுசா போவல மாமி."

சுரையா திரும்பிப் பார்த்தாள். சுவர் மூலையில் இடித்து நின்றிருந்தது. நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.