ரோலண்ட் பிளாண்டின் தொப்பி

ரோலண்ட் பிளாண்டின் தொப்பி பதினோரு வருஷம் அவன் தலையை விட்டுக் கழலவில்லை. வட இங்கிலாந்தில், எங்கள் வெஸ்ட்மோர்லாந்தில், கம்பளி விலை இறங்கியது எப்படி எல்லோருக்கும் தெரியுமோ, இதுவும் அப்படித்தான் தெரியும்.

ராஜாவே வந்தாலும் தொப்பியைக் கழற்றாத ஜனங்கள் நாங்கள். குவேக்கர், அதாவது நடுங்கிகள், என்று ஊர் கேலி செய்யும். நீதிபதியையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம், அதற்காகச் சிறைக்கும் போவோம். ஆனால் எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் மண்டியிட்டு ஜெபித்தால் ஆண்கள் எழுந்து தொப்பியைக் கழற்றுவார்கள். கழற்றாமல் இருந்தால், 'உன் ஜெபம் ஆவியானவர் தந்ததல்ல' என்று முகத்தில் அடித்த மாதிரி. இதெல்லாம் தொடங்கிய வருஷம் தெற்கேயிருந்து ஒரு புதுப் பேச்சு வந்தது: அதுவும் வெறும் சடங்குதானே, ஆவியானவர் ஏவும்போது கழற்றினால் போதாதா என்று. ரோலண்டுக்குப் புதுசு எதுவானாலும் பிடிக்கும். எழுந்து நின்று, "ஆண்டவர் எடுக்கிற வரைக்கும் இந்தத் தொப்பி இறங்காது" என்றுவிட்டான். சத்தியம் செய்வது பாவம் என்று நீதிமன்றத்தில் மறுத்ததற்காகவே எங்களில் பாதிப்பேர் சிறையில் கிடந்த காலம் அது. இவன் சொன்னது சத்தியமா, வெறும் சொல்லா என்று பெரியவர்கள் மூன்று மாதம் வாதாடினார்கள். தொப்பி அதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

மனைவி தாமார் வெண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தாள். நீதிமன்றத்தில் மூன்று சேவகர்கள் சேர்ந்து இழுத்ததில் ரோலண்ட்தான் தரையை விட்டு எழும்பினான். தொப்பியோடு தூங்கினான், தொப்பியோடு ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தான்.

அவனுக்கென்ன, பழகிவிட்டது. பாவம், மாட்டிக்கொண்டவள் தாமார். அவள் ஜெபம் கல்லையும் கரைக்கும். அவள் மண்டியிட்டால் நாற்பது தொப்பி இறங்கும், சொந்தப் புருஷனுடையது மட்டும் இறங்காது. பெரியவர் கில்பர்ட் ஸ்டெடல் ஒருநாள் அவளிடம் வந்தார்.

"தாமார், உன் வீட்டுக்காரனே உன் ஜெபத்துக்குத் தொப்பி எடுக்கலே. கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இரேன்."

"கில்பர்ட், தொப்பி ஒட்டினது அவன் தலையில. என் வாயில இல்லே."

அடுத்த வாரமும் மண்டியிட்டாள். கில்பர்ட் தொப்பியோடு உட்கார்ந்துவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் சிலர். பத்தாம் வருஷம் இறங்கியவை ஏழே தொப்பிகள். பதினோராம் வருஷம் பெரியவர்கள் ஒரு காகிதம் எழுதி வைத்தார்கள்: இன்னொரு தடவை மண்டியிட்டால் அவள் நம்மவள் அல்ல. தாமாரின் அப்பா இந்தக் கூட்டத்துக்காகச் சிறையில் செத்தவர். அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளும் கூட்டத்து இடுகாட்டில்தான் கிடக்கிறார்கள். தள்ளிவைத்துவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடமில்லை.

"இந்த வாரம் மட்டும் சும்மா இரேன். எல்லாம் என்னாலதானே" என்றான் ரோலண்ட்.

"உன்னாலதான். அதுக்கு நான் ஏன் சும்மா இருக்கணும்? ரொட்டியைத் தின்னு, நேரமாச்சு."

கில்பர்ட் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். தாமார் மண்டியிட்டாள். "ஆண்டவரே, பதினோரு வருஷமா என்ன ஜெபிச்சாலும் உள்ளுக்குள்ள இந்தத் தொப்பியைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். போதும். இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆப்பிள்பி சிறையில கிடக்கிறவங்களைப் பாரு" என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லத் தொடங்கினாள்.

நான்காவது பெயரில் தொப்பி எழும்பியது. மெதுவாக ஏறி உத்தரத்துக்குக் கீழே போய் நின்றது. கண்ணை மூடியிருந்தவளுக்கு அது தெரியாது. இருபத்துமூன்று பெயரையும் சொல்லித்தான் முடித்தாள். அதற்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தொப்பியை, கையால்தான், கழற்றினார்கள். கில்பர்ட் கடைசியாக.

கண்ணைத் திறந்தபோது புருஷனின் மண்டை உரித்த முட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. தாமாருக்கு அழுகை வந்தது, அழுதாள்.

"குளிருதா?" என்றாள்.

"குளிருது."

சால்வையை எடுத்து அவன் தலையில் போட்டாள்.

தொப்பி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. கூரை மாற்றியபோது தச்சர்கள் அதைச் சுற்றியே வேலை பார்த்தார்கள். காகிதத்தை யாரும் வாசிக்கவில்லை. கில்பர்ட் அதை நாலாய் மடித்து ஜன்னல் இடுக்கில் செருகினார். அந்தப் பக்கமிருந்து இப்போது குளிர்காற்று வருவதில்லை.