ஜோன்சன் அண்ணை வீட்டு பேஸ்மென்ற்றில் ஜூலை 1914

1.

"வாக்கெடுப்பு வையுங்கோ."

இந்தக் கதை பிறந்தது இந்த வரியில்தான். வேறு எதையும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அப்பா காரிலேயே சொல்லியிருந்தார். கடல்தாண்டி வந்தும் நாங்கள் நடத்தும் ஊர்ச் சங்கத்தில் அப்படியொரு வழக்கம் இல்லை. தலைவர் ஜோன்சன் அண்ணை முடிவை வாசிப்பார். நாங்கள் கை தட்டுவோம். செயலாளரான அப்பா 'ஏகமனதாக' என்று எழுதுவார்.

அன்றைய முடிவு: பிரிந்துபோய் ஆற்றுக்கு அக்கரை நகரமான லொங்குய்யில் அதே பெயரில் சங்கம் தொடங்கிய றோசலின் சின்னம்மாமேல் வழக்கு. (அம்மாவின் ஒரே தங்கச்சி. வழக்குப் போட்டால் அந்த உறவு அத்தோடு சரி.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1914 ஜூலையில் ஐரோப்பாவின் வானம் கறுத்து..."

வேண்டாம். வானம் ஒன்றும் செய்யவில்லை. முதல் உலகப்போருக்குக் கையெழுத்து வைத்தவர்கள் மனிதர்கள். நான் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவள், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். பெருமையாகத்தான் சொல்கிறேன். வியன்னாவில் நாடாளுமன்றம் மார்ச்சிலிருந்தே பூட்டிக்கிடந்தது. பெர்லினில் சான்சலர் பதில் சொல்லவேண்டியது பேரரசர் கைசருக்கு, நாடாளுமன்றத்துக்கு இல்லை. ரஷ்யாவின் சார் மன்னர் படைதிரட்ட ஆணையிட்டார், நிறுத்தினார், மறுபடி இட்டார்.

3.

ஜோன்சன் அண்ணையைக் கைசராக்கி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். (மீசை பொருந்தியது. நியாயமாகப் படவில்லை.) லண்டனில் நாடாளுமன்றம் திறந்துதான் இருந்தது, அமைச்சரவை சண்டைபிடித்தது, போரும் வந்தது. ஆனால் வேண்டாம் என்ற அமைச்சர் இருவர் பதவியை விட்டுப் போனார்கள். ஆகவே ஆட்சிமுறை என்பது...

இந்த வசனம் எனக்கு முடியவில்லை. கிடக்கட்டும்.

4.

சரி, பேஸ்மென்ற். நான் வாக்கெடுப்புக் கேட்டதும் கைமாறிக்கொண்டிருந்த றோல்ஸ் பலகாரத் தட்டு நின்றது.

"படிச்ச பிள்ளை எங்களுக்குச் சனநாயகம் படிப்பிக்கப் போறா," என்றார் ஜோன்சன் அண்ணை. சிரித்தார்கள்.

"படிப்பிக்கேல்லை அண்ணை. கையை எண்ணச் சொல்லுறன்."

"என்னத்தை எண்ணுறது? காலமையே லோயருக்குச் சொல்லிப்போட்டன்."

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"லக்சனா, இரு பிள்ளை," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"கோவிக்காதை," என்றார் ஜோன்சன் அண்ணை. "இஞ்சத்தைக் கோட்டுக்குப் பிரெஞ்சில மனு எழுத உன்னை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

[முடிவு அ: அப்பா பேனையை மூடுகிறார். முடிவு ஆ: பின்வரிசையில் பிலோமினம்மா கையை உயர்த்துகிறா.]

இரண்டையும் ஆசையோடு எழுதினேன். இரண்டும் நடக்கவில்லை. கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினா.

5.

வழக்கில் யார் வென்றது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கோ. நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எங்கயடி போறாய்?" என்றா அம்மா.

"லொங்குய்யுக்கு. சின்னம்மான்ர பதிலைப் பிரெஞ்சில எழுத."

படியேறும்போது யாரும் மறிக்கவில்லை. மறித்திருந்தாலும் போயிருப்பேன்.